கனடாவில் கஞ்சாக் கடை: இங்கிருந்து போகிற பிள்ளைகளுக்கு

ஹட்டனில் நான் நடத்தும் ஐஈஎல்டிஎஸ் வகுப்பில், விசா கிடைத்த பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். குளிருக்கு என்ன ஜாக்கெட் வாங்குவது, அரிசி எங்கே மலிவு, பகுதி நேர வேலை எப்படித் தேடுவது. அதெல்லாம் எல்லோர் முன்னாலும் கேட்பார்கள். ஒரு கேள்வி மட்டும் மற்றவர்கள் பஸ் பிடிக்கப் போன பிறகுதான் வரும். "சேர், அங்க கஞ்சா லீகல்தானே? கடையிலயே போய் வாங்கலாமாம்?"

அதட்டி அனுப்பிவிடலாம். ஆனால் அதட்டினால் அவன் அடுத்து யாரிடம் கேட்பான் என்று எனக்குத் தெரியும். ஸ்காபரோவில் அவனோடு அறையைப் பகிர்ந்துகொள்ளப் போகிற, அவனுக்கு ஒரு செமஸ்டர் முன்னால் போய்ச் சேர்ந்த இன்னொரு பையனிடம் கேட்பான். அவனுக்கு என்ன தெரியும்? அதனால் எழுதிவைக்கிறேன். டொரன்டோவில் சில வருடங்கள் படித்து, வேலையும் பார்த்துவிட்டுத் திரும்பியவன் நான். மாமா மகன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். அவனோடு அந்தக் கடைகளுக்குள் போய் வந்திருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 25 வயது ஆகும்வரை அந்தப் பக்கம் போகாமல் இருப்பதுதான் நல்லது. காரணம் பின்னால் வருகிறது. போகத்தான் போகிறேன் என்பவனுக்குத்தான் மீதி.

கஞ்சா நமக்குப் புதிது இல்லை. வெல்லவாய, தணமல்வில பக்கமிருந்து மலைக்கு ஏறி வரும் இலை இருக்கிறது. வடக்குக் கடல் வழியாக வரும் கேரளக் கஞ்சா இருக்கிறது. சிவனொளிபாதமலை சீசன் தொடங்கிவிட்டால், ஹட்டன் பாதையில் மோப்ப நாயோடு பொலிஸ் நிற்பதும், பொட்டலத்தோடு மலையேற வந்த இளைஞர்கள் பிடிபடுவதும் வழக்கமான பத்திரிகைச் செய்தி. தோட்டத்து முனியாண்டிக்குச் சுருட்டோடும் சாராயத்தோடும் அதையும் ஒரு பொட்டலம் வைத்த காலத்தைப் பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். இவ்வளவு பழக்கம் இருந்தும் நாம் பேசாத விஷயம் ஒன்று உண்டு. எவ்வளவு என்பதுதான் அது. "அவன் அடிக்கிறவன்", "இவன் அடிக்காதவன்" என்று ஆட்களை இரண்டாகப் பிரிப்பதோடு நம் பேச்சு முடிந்துவிடும். எத்தனை மில்லிகிராம் என்று கேட்டால், பொட்டலம் கட்டியவனுக்கே தெரியாது. கனடாக் கடையில் எல்லாப் பேச்சும் அந்த எவ்வளவைச் சுற்றித்தான்.

முதலில் சட்டத்தை முடித்துக்கொள்வோம். கனடா முழுவதும் கஞ்சா சட்டபூர்வமானது 2018 ஒக்டோபர் 17இல். உண்ணும் பொருட்களுக்கான சட்டம் அதற்கு ஒரு வருடம் கழித்து வந்தது. வயது மாகாணத்துக்கு மாகாணம் மாறும்: அல்பேர்ட்டாவில் 18, கியூபெக்கில் 21, ஒன்டாரியோ உட்பட மற்ற இடங்களில் 19. பொது இடத்தில் ஒருவர் 30 கிராம் காய்ந்த கஞ்சாவோ அதற்கு ஈடான வேறு வகையோ வைத்திருக்கலாம். அமெரிக்காவில் பல மாநிலங்களில் கடை உண்டு, ஆனால் மத்திய அரசின் சட்டப்படி இன்னும் குற்றம்தான். விசாவில் இருப்பவன் "பாவித்திருக்கிறேன்" என்று அதிகாரியிடம் சொன்னாலே சிக்கல் வரலாம். ஜெர்மனியில் 2024 ஏப்ரலிலிருந்து வைத்திருக்க அனுமதி இருக்கிறது, நடந்து போய் வாங்கக் கடை கிடையாது. தாய்லாந்து 2022இல் திறந்துவிட்டு 2025இல் மருத்துவரின் சீட்டு வேண்டும் என்று திரும்ப இறுக்கியது. பேங்கொக்குக்குச் சாமான் வாங்கப் போகும் நம்மவர்கள் பழைய யூடியூப் வீடியோவை நம்பிப் போக வேண்டாம். நம் நாட்டில் 1929ஆம் ஆண்டின் நஞ்சு, அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம்தான் திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஆயுர்வேத மருந்துக்குச் சிறு இடம் உண்டு. ஏற்றுமதிக்காக மட்டும் பயிரிட வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு அனுமதி என்று 2025இல் செய்தி வந்ததும், "இங்கயும் லீகல் ஆகிருச்சு" என்று ஹட்டன் டவுனில் ஒருவர் எனக்கே விளக்கம் சொன்னார். ஆகவில்லை.

சரி, கடைக்கு வருவோம். ஒன்டாரியோவில் சில்லறைக் கடைகள் தனியாருடையவை. மாகாண அரசிடம் உரிமம் வாங்கி, அரசின் மொத்த விற்பனைப் பிரிவிடமிருந்தே சரக்கு எடுக்கிறார்கள். உரிமம் உள்ள கடையின் வாசலில் மாகாணத்தின் முத்திரை ஒட்டியிருக்கும். முத்திரை இல்லையென்றால் உள்ளே போகாதே. எவ்வளவு பளபளப்பான கடையாக இருந்தாலும் சரி. வாசலிலேயே அடையாள அட்டை கேட்பார்கள். 25 வயதுக்குக் குறைந்தவன் போலத் தெரிந்தால் கேட்டே ஆக வேண்டும் என்பது அவர்களுக்கான விதி. கடவுச்சீட்டு செல்லும், போனில் எடுத்து வைத்த அதன் படத்தை நம்பிப் போகாதே. கல்லூரி அட்டையில் பிறந்த திகதி இருக்காது என்பதால் அதுவும் உதவாது.

உள்ளே போனால் நம்மவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கும். நம் ஊர் வைன் ஸ்டோரில் கம்பிக்கு வெளியே நின்று காசை நீட்டி, கடதாசியில் சுற்றிக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு யாரும் பார்க்கும் முன் நடையைக் கட்டுகிறோமே, அந்தப் பதற்றம் எதுவும் அங்கே இல்லை. வெளிச்சமான கடை, சுவரில் திரை, அதில் விலைப்பட்டியல், பின்னால் நிற்கும் பெண் "முதல் தடவையா?" என்று சாதாரணமாகக் கேட்பாள். ஆமாம் என்று சொல்லிவிடு. எல்லாம் தெரிந்தவன் போல் நிற்பதில்தான் ஆபத்து. அந்தப் பணியாளர்களுக்குக் கட்டாயப் பயிற்சி உண்டு. ஆனால் அவர்கள் வைத்தியர்கள் இல்லை. முதுகுவலிக்கு எது நல்லது, தூக்கத்துக்கு எது நல்லது என்று மருந்துபோல் சிபாரிசு செய்ய அவர்களுக்கு அனுமதியும் இல்லை. கஞ்சா வகைகளில் இண்டிகா என்றால் தூக்கம், சட்டிவா என்றால் உற்சாகம் என்று இன்னும் பலர் சொல்வார்கள். அந்தப் பெயர்களை வைத்து உடம்பு எப்படி நடந்துகொள்ளும் என்று கணிக்க முடியாது. பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பார்.

எண் இரண்டு விஷயத்துக்கு. ஒன்று டிஎச்சி, போதை தருவது அதுதான். மற்றது சிபிடி, அது போதை தராது, ஆனால் வேறு மருந்துகளின் வேலையில் குறுக்கிடக்கூடும். பொதியில் மஞ்சள் கட்டத்துக்குள் சுகாதார எச்சரிக்கையும், கஞ்சா இலையோடு ஒரு சிவப்புக் குறியும் இருக்கும். காய்ந்த பூவின் சில பொதிகளில் டிஎச்சி என்று ஒரு எண்ணும், "மொத்த டிஎச்சி" என்று இன்னொரு எண்ணும் அச்சிட்டிருப்பார்கள். முதலாவது சிறியதாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "இது லேசானதுதான் மச்சான்" என்று எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அது சூடாக்குவதற்கு முன் உள்ள அளவு. பற்றவைத்தால் கிடைக்கக்கூடியது இரண்டாவது எண். ஒரு கிராமுக்கு 200 மில்லிகிராம் என்று இருந்தால் 20 சதவீதம் என்று அர்த்தம். அரைக் கிராம் சுருட்டில் 100 மில்லிகிராம் இருக்கிறது. எரியும்போது நிறையப் புகையாகவே போய்விடும், எல்லாம் உடம்பில் சேராது, ஆனாலும் புதியவனுக்கு அது பெரிய அளவு. கனடாவின் சுகாதார அமைச்சு சொல்வது 10 சதவீதமோ அதற்குக் குறைவோ உள்ளதில் ஒன்றிரண்டு இழுப்பு, அப்புறம் பொறுத்துப் பார் என்பது.

"எங்க தாத்தா காலத்துல எல்லாரும் அடிச்சாங்க, ஒருத்தருக்கும் ஒன்னும் ஆகல" என்பவர்களுக்கு ஒரு தகவல். கனடாவில் 1980களில் காய்ந்த கஞ்சாவில் சராசரியாக 3 சதவீத டிஎச்சிதான் இருந்தது. இப்போது 15 சதவீதத்தைச் சுற்றி நிற்கிறது. கடையில் 25ஐத் தாண்டியதும் கிடைக்கும். தாத்தா காலத்து அனுபவத்தை வைத்து இன்றைய பொதியை அளக்க முடியாது.

இனி மிட்டாய்க்கு வருகிறேன். புகை பிடித்துப் பழக்கமில்லாத நம் பிள்ளைகள், பெண் பிள்ளைகளும்தான், முதலில் கை நீட்டுவது இதற்குத்தான். கம்மி என்கிற மெல்லும் ஜெலி மிட்டாய், சொக்லட், பிஸ்கட், குளிர்பானம் என்று பல வகை. வாசம் வராது, இருமல் வராது, அறை வீட்டுக்காரருக்கும் தெரியாது. புதியவர்கள் அதிகமாக மாட்டிக்கொள்வதும் இங்கேதான்.

புகைத்தால் சில விநாடிகளில் இருந்து சில நிமிடங்களுக்குள் தெரியத் தொடங்கும், அரை மணிக்குள் உச்சத்துக்கு வரும். தின்றால் குடல் வழியாகப் போய், ஈரலில் வேறு வடிவமாக மாறி, அதற்கப்புறம்தான் மூளைக்கு வரும். தொடங்கவே அரை மணியிலிருந்து 2 மணி நேரம். முழுதாக ஏற 4 மணி நேரம் வரை ஆகலாம். பிறகு 12 மணி நேரம் வரை நிற்கலாம், மந்தம் மறுநாள்வரை இழுக்கும். இதைத் தெரியாதவன் முக்கால் மணி நேரம் காத்திருந்து, "ஒன்னும் இல்லையே, ஏமாத்திட்டான்" என்று இரண்டாவதையும் வாயில் போடுகிறான். அப்போது முதலாவதே இன்னும் வந்து சேரவில்லை.

நான் இருந்த வீட்டில் இதுதான் நடந்தது. நிலவறை அறையில் பதுளைப் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். நல்ல பையன், சிகரெட்கூட இல்லை. பரீட்சை முடிந்த சந்தோஷத்தில் 10 மில்லிகிராம் கம்மி ஒன்றைத் தின்றான், ஒன்றும் தெரியவில்லை என்று இன்னொன்று, நடுவில் பியர். நடு இரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வந்தான். இதயம் நின்றுவிடப் போகிறது, அம்மாவிடம் பேச வேண்டும் என்று அழுகை. இங்கே அந்நேரம் அவனுடைய அம்மா கொழுந்து எடுக்க மலைக்குப் போயிருப்பார். அந்த அழைப்பைக் கேட்டால் அவர் என்ன ஆவார் என்று போனை வாங்கி வைத்துவிட்டோம். வீட்டில் இருந்த ஓர் அக்கா தாதிப் படிப்புப் படிப்பவர். அவர்தான் நாடி பார்த்து, தண்ணீர் கொடுத்து, "தம்பி, இது இறங்கிரும், நேரம் எடுக்கும், நான் பக்கத்துலதான் இருக்கேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். விடிந்த பிறகு தூங்கினான். அன்றைய வேலைக்குப் போகவில்லை, அந்த ஷிப்ட் போய்விட்டது.

அவன் தின்றது சட்டம் அனுமதித்த சரக்குதான். கனடாவில் தின்னும் வகைக்கு ஒரு பொதிக்கு மொத்தம் 10 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. ஆனால் சில பொதியில் அந்தப் பத்தும் ஒரே துண்டில் இருக்கும், சிலவற்றில் நான்காகவோ ஐந்தாகவோ பிரித்திருக்கும். துண்டு எத்தனை என்று பார்க்காதவனுக்கு இது தெரியாது. முதல் தடவைக்கு 2.5 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்பதுதான் சுகாதார அமைச்சின் அறிவுரை. பத்தில் கால் பங்கு. வெட்டித் தின்ன வேண்டியிருந்தால் வெட்டு. அன்று அதோடு நிறுத்து. பியரோ சாராயமோ கூடச் சேர்க்காதே. உரிமம் இல்லாத கடையிலும் இணையத்திலும் ஒரே பொதியில் 500, 1000 மில்லிகிராம் என்று போட்டு, பிரபல மிட்டாய்களின் உறையைப் போலவே அச்சடித்து விற்கிறார்கள். உறையில் உள்ள எண்ணாவது உண்மையா என்று சொல்ல ஆள் கிடையாது. அமெரிக்காவில் 2019இல் நுரையீரல் பாதித்து ஆயிரக்கணக்கில் ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, பெரும்பாலும் களவாக விற்ற டிஎச்சி வேப்பில் (ஆவியாக்கி இழுக்கும் மின்கருவியில்) கலந்த வைட்டமின் ஈ அசிற்றேற் என்ற எண்ணெய்தான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். 2020 பெப்ரவரிக்குள் 68 பேர் இறந்திருந்தார்கள்.

இங்கே கஞ்சா சேர்ந்த மதன மோதகத்தை மருந்துருண்டை என்று சொல்லி வாயில் போட்டுத் திரியும் பையன்களுக்கும் இதே கணக்குத்தான். தின்கிற வகை, மெதுவாக ஏறும், எவ்வளவு இருக்கிறது என்று உறையில் எண் கிடையாது. அதைத் தின்று பழகியதால் கம்மியைச் சமாளிக்கலாம் என்று நினைப்பவன் எதையும் அளந்து பார்த்தவன் இல்லை.

அளவு கூடிவிட்டால் என்ன செய்வது? அமைதியான இடத்தில் உட்கார வை, தனியாக விடாதே, வண்டி ஓட்ட விடாதே. கஞ்சாவால் மட்டும் மூச்சு நின்று இறப்பது பெரியவர்களில் மிக அரிது, அதைச் சொல்லித் தைரியம் கொடுக்கலாம். ஆனால் நெஞ்சு வலி, எழுப்ப முடியாத மயக்கம், வலிப்பு, நிற்காத வாந்தி, இல்லாததைப் பார்ப்பது என்று வந்தால் 911. சட்டபூர்வமான பொருள் என்பதால் உண்மையைச் சொல்லப் பயப்படத் தேவையில்லை. குழந்தை தின்றுவிட்டால் அறிகுறிக்குக் காத்திருக்கவே கூடாது, உடனே ஆஸ்பத்திரி. அக்கா வீட்டில் தங்கிப் படிக்கப் போகிறவர்கள், மருமக்கள் திறக்கும் ஃபிரிட்ஜில் கம்மியை வைத்துவிடாதீர்கள்.

25 வயது என்று மேலே சொன்னேனே. மூளை அந்த வயது வரைக்கும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அதற்கு முன் அடிக்கடி, வலுவாகப் பாவிப்பது நினைவாற்றலையும் மனநலத்தையும் தாக்குகிறது. அதைவிட எனக்குக் கவலை தரும் விஷயம் வேறு. குடும்பத்தில் மனச்சிதைவு நோய் இருந்தவர்களுக்குக் கஞ்சா அதைக் கிளப்பிவிடும் அபாயம் அதிகம். கனடாப் பையனிடம் "உன் குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா?" என்று கேட்டால் அவனுக்குப் பதில் தெரிய வாய்ப்பு உண்டு. நம் பிள்ளைக்கு? லயத்தில் ஒரு சித்தப்பா திடீரென்று வேலைக்குப் போகாமல் தனக்குத்தானே பேசத் தொடங்கினால், முனி அடித்துவிட்டது என்றார்கள். கோடாங்கியைக் கூப்பிட்டு உடுக்கடித்தார்கள். செய்வினை என்று சேவல் அறுத்தார்கள். சிலரை அங்கொடை மனநல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அதையும் "கொழும்புல வேலைக்குப் போயிருக்கான்" என்று மூடினார்கள். பெண் கேட்டு வருகிறவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று மூடியது, சொந்தப் பிள்ளைக்கும் தெரியாமல் போய்விட்டது. தனக்கு என்ன அபாயம் என்றே தெரியாமல் அவன் அந்தக் கவுண்டரில் நிற்கிறான். பணியாளருக்கு அதைக் கேட்க வழியில்லை.

அதனால் புறப்படுகிறவர்களிடம் நான் சொல்வது: கிளம்பும் முன் அம்மாவிடமோ அப்பாயியிடமோ உட்கார்ந்து கேள். கஞ்சாவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. "நம்ம வீட்டுல யாருக்காச்சும் மண்டைக் கோளாறு, பேய் பிடிச்சதுன்னு ஏதாச்சும் இருந்துச்சா?" என்று அவர்கள் மொழியிலேயே கேள். முதலில் மழுப்புவார்கள். ஒருமுறைக்கு இரண்டுமுறை கேட்டால் வரும். அப்படி ஒரு ஆள் இருந்தால், அந்தக் கடை உனக்கானது இல்லை. 2.5 மில்லிகிராம்கூட வேண்டாம். கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் வேண்டாம். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், மன அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொட வேண்டாம். சிபிடி எண்ணெயும் இதில் அடக்கம்.

வண்டி விஷயம். ஒன்டாரியோவில் புதிதாக லைசன்ஸ் எடுப்பவன் ஜி1, ஜி2 படிகளில் இருக்கும்போது உடம்பில் கஞ்சா கண்டுபிடிக்கப்படவே கூடாது. 21 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கும், வணிக வண்டி ஓட்டுபவர்களுக்கும் அப்படித்தான். நேற்று இரவு தின்றதுதானே என்று காலையில் உணவு விநியோகத்துக்குக் காரை எடுப்பவன் யோசிக்க வேண்டும். 2018 டிசம்பரிலிருந்து போதையில் வண்டி ஓட்டுவதற்கு அதிகபட்சத் தண்டனை 10 ஆண்டுகள். அதனால் குடிவரவுச் சட்டத்தில் அது கடுமையான குற்ற வகைக்குள் வந்துவிட்டது, நிரந்தர வதிவிடம் பெற்றவர்களையே நாட்டை விட்டு அனுப்பலாம். மாணவ விசாக்காரன் எந்த மூலை? 18 வயதுக்குக் குறைந்தவருக்குக் கொடுத்தாலோ விற்றாலோ 14 ஆண்டுகள் வரை சிறை; "தம்பி கேட்டான், வாங்கிக் கொடுத்தேன்" என்பதும் அதில் அடக்கம். பிரம்ப்டனில் ட்ரக் ஓட்டி அமெரிக்க எல்லையைத் தாண்டும் வேலைக்கு ஆசைப்படுகிறவர்களுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை உண்டு. அடிக்கடி பாவிப்பவனின் சிறுநீரில் டிஎச்சியின் தடம் வாரக்கணக்கில் நிற்கும்.

வாடகை ஒப்பந்தத்தையும் படி. புகைக்கக் கூடாது என்று எழுதியிருந்தால் கஞ்சாவும் அதற்குள் வரும். குறிப்பாக நம்மவர் வீட்டில் வாடகைக்கு இருந்தால், வாசம் மேல்மாடிக்குப் போகும் முன் செய்தி பொகவந்தலாவைக்குப் போய்விடும்.

கடைசியாக விமானம். கனடாவுக்குள் ஒரு மாகாணத்திலிருந்து இன்னொன்றுக்கு 30 கிராம்வரை கொண்டுபோகலாம். நாட்டு எல்லையைத் தாண்டி உள்ளே கொண்டுவருவதும் வெளியே கொண்டுபோவதும் கனடாச் சட்டப்படியே குற்றம். சிபிடி எண்ணெயாக இருந்தாலும், மருத்துவரின் சீட்டு இருந்தாலும் மாற்றமில்லை. நம் ஊருக்கு வரும் டிக்கெட்டில் பெரும்பாலும் டோஹாவிலோ டுபாயிலோ இறங்கி ஏற வேண்டும், அங்கே இதற்கு இரக்கம் கிடையாது. கட்டுநாயக்கவிலோ பேங்கொக்கிலிருந்து வரும் குஷ் என்ற வகைக் கஞ்சாவைப் பிடித்துப் பிடித்துச் சுங்கத்தினரின் கண் பழகிவிட்டது. குளிர்கால ஜாக்கெட்டுகள் அங்கே கை மாறிக்கொண்டே இருக்கும். ஊருக்கு வரும் அவசரத்தில் அறைக்காரனுடையதை மாட்டிக்கொண்டு கிளம்புவது சாதாரணம். உள் பையில் பாதிக் கம்மி பொதி கிடக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிட்டுக் கிளம்பு.